ஹெட் கேஸ்கெட் மாற்றச் சொல்கிறாரா மெக்கானிக்?

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னதும் "எவ்வளவு ஆகும்?" என்றுதான் நம் வாயில் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "ஏன் போச்சு?" என்பது. அதற்குப் பதில் தெரியாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போகிற வேன், சில மாதங்களில் அதே பட்டறைக்கு அதே குறையோடு திரும்பி வரும்.

பள்ளி வேனோ சுற்றுலா வேனோ, பழைய டீசல் வண்டி ஒன்றை நம்பிப் பிழைப்பவர் நீங்கள் என்றால் இது உங்களுக்காக. ஸ்பானரை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம். எடுப்பவர் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்பது தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்குப் பழைய டெம்போ டிராவலரை வைத்துக்கொள்வோம். 1987-இல் பஜாஜ் டெம்போ கொண்டுவந்த வண்டி அது. 2005-இல் அந்த நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது ஓஎம் 616 என்ற நான்கு சிலிண்டர் 2.4 லிட்டர் எஞ்சின். 1973-இல் மெர்சிடஸ் பென்ஸ் தன் 240டி காரில் வைத்த அதே வடிவமைப்பு. உங்கள் வண்டி வேறாக இருந்தால் அளவுகள் மாறும். வேலையின் போக்கு மாறாது.

சரி, கேஸ்கெட் என்றால் என்ன? எஞ்சினின் அடிப்பாகம் பிளாக் (பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்களைக் கொண்ட கனத்த இரும்பு உடல்). அதன்மேல் உட்காருவது ஹெட் (வால்வுகளும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் உள்ள மேல்பாகம்). இரண்டுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். குக்கர் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வளையத்தின் வேலைதான் இதற்கும். குக்கர் வளையம் நீராவியை மட்டும் அடக்கினால் போதும். இதற்குப் பொறுப்பு மூன்று.

சிலிண்டருக்குள் எரிகிற வாயு பக்கவாட்டில் கசியக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் தன் பாதையை விட்டு விலகக் கூடாது. ஆயிலும் அப்படியே. மூன்றின் பாதைகளும் நெருக்கமாக அருகருகே இருக்கின்றன. டீசல் எஞ்சினில் பொறி தட்டும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தியே டீசல் தானாகப் பற்றும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். ஓஎம் 616 உள்ளே இழுக்கும் காற்றை 21-இல் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் இது 9-இல் ஒரு பங்கு அளவுதான். டீசல் வண்டியின் கேஸ்கெட் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பிறகு ஏன் அது போகிறது? வயதாகியும் போகலாம். பெரும்பாலும் எஞ்சின் அளவு மீறிச் சூடானதால்தான் போகிறது. சூட்டில் உலோகம் விரியும். ஹெட் எல்லா இடத்திலும் ஒரே அளவு விரிவதில்லை. சூடு அதிகமுள்ள நடுப்பகுதி ஒரு மாதிரியும் ஓரங்கள் ஒரு மாதிரியும் விரிய, ஹெட்டின் அடித்தளம் நெளிந்துவிடுகிறது. நெளிந்த இடத்தில் கேஸ்கெட்டின் மேல் பிடி தளரும். எரிந்த வாயு அந்தச் சந்தைக் கண்டுபிடித்துப் பாய்ந்து, தகட்டை அரித்துக்கொண்டே போகும்.

அப்படியானால் எஞ்சின் ஏன் சூடாகிறது? இங்கேதான் நம் ஊர் வண்டிகளின் கதை இருக்கிறது. கூலன்ட் (துருவைத் தடுத்து, கொதிநிலையை உயர்த்தும் மருந்து கலந்த நீர்) ஊற்ற வேண்டிய ரேடியேட்டரில் பல வருடமாகப் போர்த் தண்ணீரை ஊற்றி வந்திருப்பார்கள். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்ப்பாதைச் சுவர்களிலும் படியும். குழாய் அடைத்தால் தண்ணீர் ஓடாது. சுவரில் உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. தளர்ந்த ஃபேன் பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப் (பட்டறைகளில் வாட்டர் பாடி என்பார்கள்), பிடி போன ரேடியேட்டர் மூடி ஆகியவையும் காரணமாகலாம்.

சமவெளியில் ஓடும்வரை இவை எதுவும் வெளியே தெரியாது. ஆட்களை நிறைய ஏற்றி, ஏசியையும் போட்டு, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இரண்டாவது கியரில் ஏறும்போது தெரியும். எஞ்சின் முழுச் சக்தியோடு உழைக்கும். வண்டியின் வேகம் குறைவாக இருப்பதால் எதிர்க்காற்று இருக்காது. பாதி அடைத்த ரேடியேட்டர் அங்கேதான் கைவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சூட்டைப் பார்த்துத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி வீசிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஓஎம் 616-க்கு இது பெரிய கெடுதல். அதில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது. எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அதே நேரத்தில், ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலே திரும்பி வரும். சூடாகக் கூடாது என்று செய்த வேலையே சூட்டைக் கூட்டிவிடும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

கேஸ்கெட் போனது எப்படித் தெரியும்? எந்தப் பாதை எதோடு சேர்ந்துவிட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கினால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காது. கூலன்ட் ஊற்றிய வண்டியில் அந்தப் புகையில் ஓர் இனிப்பு வாடை இருக்கும். வெளியே சொட்டு ஒழுகாமலே தண்ணீர் மட்டம் குறைந்துகொண்டு வரும். சிலிண்டரின் வாயு நீர்ப்பாதைக்குள் புகுந்தால், ரேடியேட்டரில் குமிழி வரும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். தண்ணீரும் ஆயிலும் கலந்தால், டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பசை ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். குளிர்காலக் காலையில் சில நிமிடம் வரும் வெள்ளைப் புகை இயல்பானது. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் எரியறையைச் சூடாக்கும் மின்கம்பி) வேலை செய்யாவிட்டாலும் வெள்ளைப் புகை வரும். அது எரியாத டீசல். கண் எரியும், டீசல் வாடை அடிக்கும். சிறு தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உட்புறம் வெறும் ஈரத்தாலும் லேசாக வெளுக்கும். ஹெட்டை இறக்குவது பெரிய வேலை. சந்தேகத்தின் பேரில் அதைச் செய்யக் கூடாது.

உறுதி செய்ய என்ன சோதனை? எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றால் அது உள்ளே சிக்கியிருந்த காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால், சிலிண்டர் வாயு கசிகிறது. இதை நீங்களே பார்க்கலாம். சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள்.

பட்டறையில் இரண்டு சோதனைகள் கேளுங்கள். ஒன்று, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது). டீசலுக்கு என்று தனிக் கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் தாங்காது. நல்ல நிலையில் உள்ள ஓஎம் 616-இல் ஒவ்வொரு சிலிண்டரும் 20 பாருக்கு மேல் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். நான்கும் குறைவு என்றால் கதை வேறு: பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. கேஸ்கெட்டுக்குச் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு.

"இந்த சீசன் மட்டும் ஓட்டிக்கிறேனே" என்று தோன்றும். வேண்டாம். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குகள் (கிராங்க் தண்டைத் தாங்கும் வழுவழுப்பான உலோகப் பட்டைகள்) அரிபடும். இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கித் தேங்கியிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதன்மேல் மோதும். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) வளைந்துவிடும். ஹெட் வேலையோடு முடிந்திருக்க வேண்டியது முழு எஞ்சின் வேலையாகும். இந்த அறிகுறிகளோடு இருக்கும் வண்டியைக் கட்டி இழுத்து வருவதற்கு ஆகும் செலவு, அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகலடைப்புப் பவுடர்? ரேடியேட்டரின் ஊசிமுனை ஓட்டைக்கு அது உதவலாம். எரியும் வாயுவின் அழுத்தத்தை அதனால் தடுக்க முடியாது. ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் குழாய்களை மீதியும் அடைக்கும்.

வழியில் எஞ்சின் கொதித்துவிட்டால் என்ன செய்வது? ஏசியை அணையுங்கள், ஓரம் கட்டுங்கள், ஆவி பீறிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள். மூடி பிடித்திருக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். கொதிக்கும் இரும்பு திடீரென்று சுருங்கினால் விரிசல் விடும். அரை மணி, முக்கால் மணி பொறுத்து, மூடியைக் கையால் தொட முடிகிற நிலை வந்த பிறகு, துணியைப் போட்டு மெதுவாகத் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பயணிகள் அவசரப்படுவார்கள், அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

டெம்பரேச்சர் கேஜ் பற்றி ஓட்டுநர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதன் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால், உணரி காற்றில் நிற்கும். முள் நடுவிலேயே இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். முள் திடீரென்று இறங்கினால் மகிழாதீர்கள், நிறுத்திப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஹெட்டை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டோடு போல்ட்டுகளைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் நெளியும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரே மூச்சில் கழற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது முறை. டீசல் குழாய்களைக் கழற்றியதும் ஒவ்வொரு வாயையும் மூடி வைக்க வேண்டும். டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் ஒரு சிட்டிகைத் தூசி போதும், கெட்டுப்போக. தெருவோரப் பட்டறையில் திறந்தபடி கிடக்கும் குழாய் வாய்களைப் பார்த்தால், தயங்காமல் சொல்லி மூடச் சொல்லுங்கள்.

ஓஎம் 616-இல் வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுற்றுவது டைமிங் செயின் (கிராங்கின் சுற்றையும் வால்வுகளின் அசைவையும் பொருத்தி வைக்கும் சங்கிலி). ஹெட்டைத் தூக்கும் முன் அடையாளக் கோடுகளை நேராக்கி, பல்சக்கரத்தோடு சங்கிலியின் இடத்தைக் குறித்து, டென்ஷனரை (சங்கிலியைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் பாகம்) கழற்றி, சங்கிலி உள்ளே விழாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி இழுக்காது. கூடுதலாகத் தள்ளினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். இந்த எஞ்சினைப் புதிதாகத் தொடும் மெக்கானிக் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: பெரிய ஹெட் போல்ட்டுகள் தவிர, முன்பக்கச் சங்கிலி அறைக்குள் சிறிய போல்ட்டுகளும் ஹெட்டைப் பிடித்திருக்கும். அவற்றை எடுக்காமல் கம்பியைக் கொடுத்து நெம்பினால் ஹெட் உடையும்.

ஹெட்டைத் தூக்கியதும் உடனே பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எறிய விடாதீர்கள். அதில் படிக்க நிறைய இருக்கிறது. இரண்டு சிலிண்டர் வளையங்களுக்கு நடுவே கறுத்த தடம் இருந்தால் அங்கே வாயு கடந்திருக்கிறது. ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கரியில்லாமல் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், தண்ணீர் இறங்கியது அந்தச் சிலிண்டரில்தான். எந்தத் தடமும் இல்லையா? அப்போது ஹெட்டிலேயே விரிசல் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இந்த நிலையில் கைப்பேசியில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நிலை. ஹெட்டைத் துடைத்துவிட்டு அப்படியே திருப்பி மாட்டக் கூடாது. நேர்கோல் வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜை (வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய இரும்பு இலைகள்) நுழைத்து, நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நெளிவை அளக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் நெளிவே அக்கறை கொள்ள வேண்டிய அளவு. உங்கள் எஞ்சினுக்கான எல்லையைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேடு சொல்லும். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை. பிளாக்கின் மேல்தளத்தையும் இதேபோல் அளக்க வேண்டும்.

பிறகு ஹெட்டை எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு அனுப்பி, நீர்ப்பாதைகளை அடைத்து, அழுத்தக் காற்று ஏற்றி, தண்ணீரில் மூழ்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் குமிழி வரும். இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பாலம்தான் அடிக்கடி வெடிக்கும் இடம். இந்தச் சோதனைக்கு ஆகும் பணம், விரிசல் விட்ட ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கெட் போட்டு வீணாகும் பணத்தோடு பார்த்தால் மிகச் சிறியது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நெளிவு இருந்தால் ஃபேஸிங் (எந்திரத்தில் வைத்து மிக மெல்லிய அடுக்காகச் சீவித் தளத்தைச் சமமாக்குவது) செய்வார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சீவலாமா? கூடாது. சீவச் சீவ ஹெட் கீழே இறங்கும், வால்வுகள் பிஸ்டனுக்கு அருகே வரும். ஓஎம் 616-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் முதலில் பற்றும் சிறிய எரியறைகளின் முனைகள் ஹெட்டின் தளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சீவும் முன் அவற்றைக் கழற்ற வேண்டும். சீவிய பின் மாட்டி, எவ்வளவு நீட்டுகின்றன என்று அளக்க வேண்டும். இது தெரிந்த லேத்காரரிடம் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே ஓரிரு முறை சீவிய ஹெட் என்றால், மொத்த உயரத்தை அளந்து எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவு.

பிளாக்கின் தளத்தைச் சுத்தம் செய்யும்போது கிரைண்டரில் எமரிப் பட்டையைப் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பளபளப்பாகத்தான் வரும். ஆனால் தளத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். எமரித் துகள் ஆயில் வழியில் இறங்கிப் பேரிங்கைத் தின்னும். கேஸ்கெட் சுரண்டியும் பொறுமையும் போதும்.

கேஸ்கெட்டில் எதை வாங்குவது? கடையில் ஒரே எஞ்சினுக்கு வெவ்வேறு தடிமனில் கேஸ்கெட் இருக்கலாம். குவாலிஸில் வந்த டொயோட்டாவின் 2எல் டீசல் எஞ்சின் நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு பி, டி, எஃப் என்று முத்திரையிட்ட மூன்று தடிமன்கள் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்கின் தளத்தைத் தாண்டி எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, அதற்கேற்றதைத் தேர்வு செய்ய வேண்டும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் இடிக்கும் அபாயம், தடித்ததைப் போட்டால் அழுத்தம் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். பழைய கேஸ்கெட்டின் முத்திரையைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பிஸ்டன், பிளாக் எதுவும் மாறாதவரை அதே முத்திரைதான் பெரும்பாலும் பொருந்தும். இருந்தாலும் அளந்துவிடுவதே நல்லது.

பழைய ஹெட் போல்ட்டையே போடலாமா? பழைய வகைத் தடித்த போல்ட் என்றால், மரை நன்றாக இருந்தால் போடலாம். நீளும் வகைப் போல்ட் என்றால் (இறுக்கும்போது இலேசாக நீண்டு, அந்த இழுவிசையால் பிடிப்பவை) ஒவ்வொன்றின் நீளத்தையும் அளக்க வேண்டும். எல்லை தாண்டியிருந்தால் புதிது. அளக்க ஆளில்லை என்றால் புதிதே வாங்கிவிடுங்கள். பிளாக்கில் போல்ட் இறங்கும் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் முக்கியம். அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும்.

இறுக்குவது டார்க் ரெஞ்சால்தான் (எவ்வளவு விசையோடு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்). நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, சுழல் போலச் சுற்றி, படிப்படியாக. மேலே சொன்ன 2எல் எஞ்சினுக்கு முதலில் 78 நியூட்டன் மீட்டர், பிறகு ஒவ்வொன்றையும் 90 டிகிரி, மறுபடி இன்னொரு 90 டிகிரி என்று மூன்று படிகள். இந்த எண் அந்த எஞ்சினுக்கு மட்டுமே. "நாற்பது வருஷமா கை அளவுலதான் இறுக்குறேன்" என்று சொல்லும் மூத்த மெக்கானிக்கின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பன்னிரண்டு, பதினெட்டு போல்ட்டுகளும் ஒரே அளவு பிடிக்க வேண்டிய இடத்தில் கை ஒன்றுபோல் இருக்காது. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேஸ்கெட்டுக்கு மேல் பேஸ்ட் தடவ வேண்டுமா? தயாரிப்பாளர் சொன்னால் தவிர வேண்டாம். பிதுங்கும் பேஸ்ட் ஆயில் துளையை அடைக்கும்.

மாட்டி முடித்ததும் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ஓஎம் 616-இல் குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.30. புது ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம். தண்ணீர் கலந்திருந்த எஞ்சின் என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அது வீண் செலவு இல்லை. உள்ளே ஒட்டியிருந்த ஈரமும் பசையும் அதோடு வெளியேறும். நீர்ப்பாதையில் சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றும்வரை மூடியைப் போடக் கூடாது.

ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. பழைய வகைக் கேஸ்கெட்டுகள் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். அவற்றுக்கு எஞ்சின் சூடான பின் ஒருமுறை, ஆயிரம் கிலோமீட்டர் அளவில் இன்னொரு முறை இறுக்கி, வால்வு இடைவெளியையும் மறுபடி பார்ப்பார்கள். டிகிரிக் கணக்கில் திருப்பி இறுக்கும் நீளும் வகைப் போல்ட்டுகளை மறுபடி தொடக் கூடாது. கேஸ்கெட் பாக்கெட்டில் இருக்கும் தாளில் இது எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள்.

இப்போது செலவு. இந்த வேலையில் கேஸ்கெட்டின் விலை சிறிய பங்குதான். பெரும்பங்கு கூலிக்கும் லேத்துக்கும் போகும். வேன்களில் எஞ்சின் பாதி ஓட்டுநர் காலடிக்குள் புகுந்து நெருக்கமாக இருப்பதால் கூலி காரைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஹெட் லேத்துக்குப் போய் வர வேண்டும் என்பதால் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு நாளில் முடிகிறது என்றால் ஏதோ ஒரு சோதனை விடுபடுகிறது.

ஹெட் வெளியே இருக்கும்போதே சேர்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி ஆகியவை விலை குறைந்தவை, மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைப்பதும் இன்ஜெக்டர்களைச் சோதிப்பதும் இப்போது செய்தால் கூலி மிச்சம். சிலிண்டர் சுவரின் மேல்விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். படிபோல் தட்டுப்பட்டால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. அதோடு கம்ப்ரஷனும் குறைவாக இருந்திருந்தால், ஹெட்டுக்கு மட்டும் செலவழிப்பதா, முழு எஞ்சினையும் செய்வதா, வண்டியையே விடுவதா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாடகை வண்டிக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். உடலும் தளமும் துருப்பிடித்த வண்டிக்கு எஞ்சினை மட்டும் புதிதாக்கிப் பயனில்லை. உடல் உறுதியாக இருந்தால் இந்த எஞ்சின் செலவழிக்கத் தகுந்தது. இரும்பு ஹெட், இரும்பு பிளாக், கணினி இல்லாத டீசல் பம்ப். ஒழுங்காகச் செய்தால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

வண்டி கைக்கு வந்த பிறகு முதல் சில வாரம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், தண்ணீர் மட்டத்தையும் ஆயில் கம்பியையும் பாருங்கள். முதல் ஓரிரு நாளில் மட்டம் கொஞ்சம் இறங்கினால் சிக்கிய காற்று வெளியேறியிருக்கும்; அதற்குமேல் தொடர்ந்து இறங்கினால் பட்டறைக்குச் சொல்லுங்கள். போர்த் தண்ணீரை இனி ஊற்றாதீர்கள். டின்னில் குறித்த விகிதத்தில் கூலன்ட்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஒரு கேன் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மலைக்குப் போகும் முன் ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒட்டிய பூச்சியையும் சேற்றையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

பில்லை வாங்கும்போது பழைய கேஸ்கெட்டையும், லேத் பட்டறை அளந்து எழுதிக் கொடுத்த ஹெட் உயரத்தையும் கேட்டு வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஹெட்டைச் சீவ இடமிருக்கிறதா என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு எண்தான் பதில் சொல்லும்.